முட்டுப் பிரிக்கும் நாள்

என் கணவர் வீட்டார் நடத்திய கட்டடக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகப் போட்ட காங்கிரீட் கூரைக்கு முட்டுக் கொடுத்திருக்கும் கம்புகளைப் பிரிக்கிற நாளில், எங்கள் வீட்டு ஆட்கள் அந்தக் கூரைக்கு அடியில் உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிட வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில், பால் காய்ச்சுவதைப் போல அதுவும் ஒரு விசேஷம் என்று நினைத்திருந்தேன்.

காங்கிரீட் ஊற்றும்போது வெறும் சேறுதான். கீழே தகரம் விரித்து, தகரத்துக்கு அடியில் சவுக்குக் கம்புகளை நெருக்கி நிறுத்தி அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி, வாரக்கணக்கில் இறுக விடுவார்கள். இறுகிய பிறகு கம்புகளை ஒவ்வொன்றாகத் தட்டி எடுப்பார்கள். அதுவரை கம்பு சுமந்த பாரத்தைக் கூரை முதல்முதலாகத் தானே சுமப்பது அப்போதுதான். தாங்குமா தாங்காதா என்பதும் அப்போதுதான் தெரியும். அந்த நேரம் பார்த்துத்தான் எங்களை அடியில் உட்கார வைப்பார்கள்.

நான் திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் பிறந்தவள். ஓட்டு வீட்டில் வளர்ந்தவள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மதுரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். தெற்கு வெளி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் கீழே ஆபீஸ், மேலே வீடு. ஆபீஸ் சுவர் நிறையப் போட்டோக்கள். பள்ளிக்கூடம், பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கி, வியாபாரிகளின் பங்களாக்கள், ஒரு சினிமாக் கொட்டகை, எல்லாம் கம்பெனி கட்டியவை. நடுவில் தலைப்பாகையும் கோட்டுமாக என் கணவரின் தாத்தா.

ஆபீசுக்கு யார் வந்தாலும் மாமா, அதாவது என் மாமனார், அந்தப் போட்டோவுக்குக் கீழே உட்கார வைத்துக் கதை சொல்லாமல் விடமாட்டார். அவருடைய அய்யா காடு கரையில் உழுது பிழைத்த சம்சாரி வீட்டுப் பிள்ளை. ரயில் பாலம் கட்டுகிற இடத்துக்கு மண் சுமக்கப் போனவர், துரை விரித்து வைத்திருந்த வரைபடத்தை எட்டி எட்டிப் பார்த்தே அதைப் படிக்கக் கற்றுக்கொண்டார். பிறகு டவுனுக்கு வந்து, மெட்ராஸிலிருந்து ஒரு வரைபடக்காரரை அழைத்து வந்து சம்பளத்துக்கு வைத்து, ஆர்க்கிடெக்ட் என்று இங்கிலீஷில் போர்டு மாட்டினார். அந்த வார்த்தையைச் சொல்ல அப்போது சந்தில் யாருக்கும் வாய் வராதாம்.

கதை காங்கிரீட்டுக்கு வரும்போது மாமாவின் குரல் உயர்ந்துவிடும். தேக்கு உத்திரம் போட்டுச் செங்கல் அடுக்கிய மச்சுத்தான் அதுவரை இங்கே வழக்கம். உத்திரமே இல்லாமல், கம்பியையும் ஜல்லியையும் சிமெண்டையும் சேர்த்து ஒரே பலகையாக வார்க்கலாம் என்று அந்தப் பெரியவர் ஒரு பஞ்சு வியாபாரியைச் சம்மதிக்க வைத்துவிட்டார். வார்த்தும் ஆயிற்று. முட்டுப் பிரிக்கிற நாளில் வியாபாரி வாசலைத் தாண்டி வர மறுத்தார். ஊரே வேடிக்கை பார்க்கத் திரண்டிருந்தது.

"எங்கய்யா என்ன செஞ்சாரு தெரியுமா?" என்று மாமா எதிரே இருப்பவரின் தொடையில் தட்டுவார். "குடும்பத்தோட அதுக்கடியில உக்காந்து, இலையப் போட்டு, சோத்த வைக்கச் சொன்னாரு. இப்பத் தட்டுங்கடா முட்டனு சொல்லிட்டாரு. அன்னைக்கு எங்கய்யா உக்காந்தாரு. நானும் உக்காந்துருக்கேன். கம்பெனி இன்னைக்கு வரைக்கும் அதே மாதிரிதேன். எவனாவது செய்வானா இதை?"

நான் முதலில் உட்கார்ந்தது அவனியாபுரத்தில் ஒரு வீட்டில். சின்ன வீடு. புதுப்பெண் என்பதால் பட்டுச்சேலை உடுத்தச் சொன்னார்கள். கம்புகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் ஒதுக்கிப் பாய் விரித்திருந்தார்கள். நானும் அத்தையும் உட்கார்ந்தோம். என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். இலையில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். சுத்தியலால் கம்பின் அடிக்கட்டையைத் தட்டுகிற சத்தம் கேட்டது. முதல் கம்பு சாய்ந்தபோது மேலே ஏதோ முனகியது. பொங்கலில் சிமெண்ட் தூள் விழுந்தது. வாயில் வைத்த பொங்கல் உள்ளே இறங்கவில்லை.

"முழுங்கிரு. மேல பாக்காத," என்றார் அத்தை, உதட்டை அசைக்காமல்.

எல்லாக் கம்பும் போன பிறகு கைதட்டினார்கள். அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். பாயில் நாங்கள் இரண்டு பெண்கள் மட்டும். கம்பு தட்டிய ஆட்கள் நாலைந்து பேர் எங்களைச் சுற்றி அதே கூரைக்கு அடியில் நின்றிருந்தார்கள். மாமாவும் என் கணவரும் வாசலுக்கு வெளியே வீட்டுக்காரரோடு நின்று கூரையைக் கைகாட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் மத்தியானம் அடுப்படியில் அத்தையிடம் கேட்டேன். "ஏன் அத்தை, மாமாவெல்லாம் உக்காரலயே?"

"ஆம்பளைங்க வேலையப் பாக்க வேணாமா?" என்றார். கேலியா நிஜமா என்று முகத்தில் தெரியவில்லை. அடுத்த வெங்காயத்தை எடுத்தார். பிறகு அவராகவே ஆரம்பித்தார்.

"அந்தப் பஞ்சு யாவாரி பங்களாவுல உக்காந்தது எங்க மாமியா. பெரியவரு இல்ல. யாவாரி சொன்னானாம், ஒன் பொண்டாட்டி பிள்ளைய உள்ள உக்கார வையி, அப்ப நம்புறேன்னு. பெரியவரு வெளிய அவங்கூட நின்னாரு. எங்க மாமியா கைப்பிள்ளையோட உள்ள உக்காந்துச்சு. அந்தக் கைப்பிள்ளைதேன் ஒங்க மாமா. நானும் உக்காந்தேன், நானும் உக்காந்தேன்னு சொல்றாருல்ல, அது அன்னைக்கு மடியில கெடந்ததத்தேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தையும் சிரிக்கவில்லை.

"எங்கிட்டச் சொல்லி அழுதுருக்கு எங்க மாமியா. மொதக் கம்பத் தட்டுனதும் பிள்ளைய மாராப்புக்குள்ள வச்சு மூடிக்கிட்டேன், சேலை என்னத்தத் தாங்கும்னு அப்பத் தோணலைன்னு சொல்லும். எல்லாம் முடிஞ்சு வெளிய வந்து பாத்தா, பெரியவரு வேப்பமரத்துக்குப் பின்னால குனிஞ்சு வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தாராம். அவருக்கும் பயம்தேன். ஆனா அதுக்கப்புறம் வேலை குமிஞ்சுபோச்சு. நிறுத்த முடியல."

அத்தைக்கும் ஒரு கதை இருந்தது. என் கணவர் வயிற்றில் இருந்தபோது ஒரு கிட்டங்கியில் உட்கார்ந்திருக்கிறார். கம்பு சாய்ந்ததும் மேலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காங்கிரீட் சில்லு பெயர்ந்து இலையில் விழுந்தது. எழுந்து வெளியே ஓடிவிட்டார். கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை. நாலு பேர் முன்னால் எழுந்து ஓடி மானத்தை வாங்கிவிட்டாள் என்று மாமா ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

அதற்குப் பிறகு நானும் பல தடவை உட்கார்ந்தேன். பழகிவிடும் என்றார்கள். எனக்குப் பழகவில்லை. சுத்தியல் சத்தம் மறுநாள் வரை காதில் இருக்கும்.

எங்கள் மகளுக்கு நாலு வயது ஆனபோது திருமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபம் கட்டுகிற வேலை வந்தது. நடுவில் தூணே இல்லாத பெரிய ஹால். அதற்குள் கம்பெனி தளர்ந்துபோயிருந்தது. கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்டுகிற புது இன்ஜினியர்கள் டவுன் முழுக்க வந்துவிட்டார்கள். பழைய வாடிக்கைக்காரர்களின் பிள்ளைகள் எங்கள் போர்டைத் தாண்டிப் போய் அவர்களிடம் வீடு கட்டினார்கள். மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. சர்க்கரை வியாதியில் அவர் காலில் ஆறாத புண் வேறு. வேலையிடத்துக்குப் போக முடியாமல் ஆபீஸ் நாற்காலியிலேயே கிடந்தார். எல்லாவற்றையும் என் கணவர்தான் பார்த்தார். அவர் டிப்ளமா படித்தவர், வேலை தெரிந்தவர். ஆனால் அவருடைய அப்பா கூப்பிட்டால் இந்த வயதிலும் வேட்டி மடிப்பை இறக்கிவிட்டுக்கொண்டுதான் போவார்.

ஹாலுக்குக் காங்கிரீட் போடுகிற அன்று பூஜைச் சாமான்களோடு நானும் போயிருந்தேன். சித்திரை வெயில். காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பாதிக் கூரை ஆகியிருந்தபோது கலவை மிஷின் நின்றுவிட்டது. ஆள் வந்து அதைச் சரி செய்துகொண்டிருக்கும்போதே மேற்கே கறுத்தது. கோடை மழை. காற்றும் இடியுமாக இறங்கிவிட்டது. சித்தாள்கள் தலையில் இருந்த சட்டியைக் கவிழ்த்துவிட்டு ஓடினார்கள். தார்ப்பாயை விரிக்க நாலு பேர் மேலே போராடினார்கள், காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போனது.

நான் பக்கத்துக் கடைத் தாழ்வாரத்தில் நின்று பார்த்தேன். தகர இடுக்குகளிலிருந்து தண்ணீர் வடிந்தது. வெறும் மழைத்தண்ணீர் இல்லை, சாம்பல் கரைத்த மாதிரி இருந்தது. ஈரக் காங்கிரீட்டிலிருந்து சிமெண்ட் கழுவிக்கொண்டு போகிறது என்று எனக்கே தெரிந்தது. என் கணவர் நனைந்தபடி நின்று அந்தச் சாம்பல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிறலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மிச்சக் கூரையை மறுநாள் காலையில் போட்டார்கள்.

"ஒண்ணும் ஆகாதுல்லங்க?" என்று கேட்டேன்.

"ஆகாது. நேத்துப் போட்டதும் இன்னைக்குப் போட்டதும் ஒட்டிக்கிரும். அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ எதுவும் பேசாத."

சொல்லிவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். ஏனென்றால் அந்த வாரமே மாமா பிரமாதமாகத் திட்டம் போட ஆரம்பித்தார். முட்டுப் பிரிப்பை இந்தத் தடவை ஊரறியச் செய்ய வேண்டும். சாமியானா பந்தல் போட வேண்டும். சொந்தக்காரர்கள், சிமெண்ட் வியாபாரிகள், அந்தப் புது இன்ஜினியர்கள் எல்லாரையும் அழைக்க வேண்டும்.

"நடு ஹால்ல மருமகளும் பேத்தியும் உக்காரட்டும்," என்றார். "நாலாவது தலைமுறை. பாத்து வாயப் பொளக்கட்டும்."

மகள் குதித்தாள். அவளுக்கு அது ஏதோ சுற்றுலா. சாப்பாடு ஊட்டும்போது ஒருநாள் கேட்டாள். "அம்மா, குச்சியெல்லாம் எடுத்துட்டா மேல இருக்கறது எங்க போகும்?"

எங்கேயும் போகாது என்று சொன்னேன். சொல்லிக்கொண்டே அவள் கவுனில் சோற்றைச் சிந்திவிட்டேன்.

திருமங்கலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் என் அண்ணன் உரக்கடை வைத்திருந்தது. அண்ணனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி ஒருநாள் காலையில் பஸ் ஏறி, நேராக மண்டபத்துக்குப் போனேன். வேலை இல்லாத நாள். காவல்காரர் பீடி வாங்கப் போயிருந்தார். முதலில் ஏணி ஏறி மேலே பார்த்தேன். பாத்திகளில் தண்ணீர் நின்றது. குறுக்கே ஒரு வரிசைப் பாத்திகளில் மட்டும் தண்ணீர் இல்லை, ஈர மணல்தான் இருந்தது. இறங்கி உள்ளே போனேன்.

வெளியே கண் கூசுகிற வெயில், உள்ளே இருட்டு. எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பு. தோப்புக்குள் வழி தவறியது போல இருந்தது. சொட்டுச் சத்தத்தை வைத்து நடந்தேன். ஹாலின் குறுக்கே, ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை, ஒரே கோடாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தரையிலும் அதே கோட்டில் மண் குழி விழுந்திருந்தது. மழை வந்த அன்று வேலை நின்ற இடம். நேற்றுப் போட்டதும் இன்று போட்டதும் ஒட்டவில்லை. அந்தக் கோட்டுக்கு நேர் கீழேதான் எங்களுக்குப் பாய் விரிப்பார்கள்.

அங்கே நின்றபோது ஒரு கம்பு லேசாக முனகியது. வெயிலில் மரம் விரிகிற சத்தமாக இருந்திருக்கும். எனக்கு அது போதும். கம்புகளில் தோளை இடித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தேன். ரோட்டோரம் நின்ற பிறகுதான் செருப்பு ஒரு காலில் இல்லை என்று தெரிந்தது. எடுக்கத் திரும்பிப் போகவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன்.

"சொட்டத்தான் செய்யும். சிமெண்டப் பூசி அடைச்சிரலாம்," என்றார்.

"பூசுனாத் தாங்குமா?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"நீங்க வந்து எங்ககூட உக்காருவீங்களா?"

"நான் ஆளுங்களப் பாக்க வேணாமா?"

"அப்பப் பிள்ளைய உக்கார வைக்க மாட்டேன். என்னைய வேணா உக்கார வச்சுக்கங்க."

அவர் சட்டென்று கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். "எனக்கும் பயமாத்தான் இருக்கு," என்றார். "எல்லாரையும் கூப்புட்டுட்டாரு. இப்பப் போயி நான் என்னன்னு சொல்ல?"

அடுப்படிக் கதவோரம் அத்தை நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. உள்ளே போய்விட்டார்.

அந்த நாளும் வந்தது. எல்லாரும் வேனில் திருமங்கலம் போனோம். வழியிலேயே பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது என்று சொல்லி, மகளை அண்ணன் கடையில் இறக்கி விட்டேன். அவள் அழுத அழுகை பஸ் ஸ்டாண்டு வரை கேட்டது. மாமாவுக்கு முகம் சுண்டிவிட்டது. இறக்கும்போது அத்தை அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சூடே இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும். "ஆமா, சுடுது," என்றார்.

பந்தலில் கூட்டம் நிறைந்திருந்தது. மாமா ஊன்றுகம்போடு நடந்து வந்து முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் மண்டபத்துக்காரர். உள்ளே நடு ஹாலில் சில கம்புகளையும் தகரங்களையும் முதல் நாளே எடுத்துவிட்டு, எல்லாரும் பார்க்கிற மாதிரி இடம் ஒதுக்கிப் பாய் விரித்திருந்தார்கள். இலையும் போட்டாயிற்று. ஆட்கள் சுத்தியலோடு நின்றார்கள்.

என்னைக் கூப்பிட்டார்கள். வரமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. காலை எடுத்து வைத்தேன். இந்தக் காலோடு மகளிடம் திரும்பிப் போவேனா என்று மட்டும் மனதில் ஓடியது.

அப்போது அத்தை என்னைத் தாண்டி மாமாவிடம் போனார். மாமாவின் கையைப் பிடித்தார். அத்தனை பேர் முன்னால் அவர் மாமாவைத் தொட்டு நான் பார்த்ததே கிடையாது.

"வாங்க," என்றார். "இன்னைக்கு நாம ரெண்டு பேரும் உக்காருவோம்."

"ஏ, என்ன இது? மருமக போகட்டும்."

"அவளும் வரட்டும். நீங்களும் வாங்க. உக்காந்தேன், உக்காந்தேன்னு இம்புட்டு வருசமாச் சொல்றீங்கள்ல? இன்னைக்கு ஊரு பாக்க உக்காருங்க. கால் முடியலைனா நான் பிடிச்சுக்கிறேன்."

குரலை உயர்த்தவே இல்லை. ஆனால் பந்தலில் பேச்சு நின்றுவிட்டது. ஒரு புது இன்ஜினியர் சிரித்தார். மாமா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்தார்.

மூன்று பேரும் உள்ளே போனோம். மாமாவைப் பாயில் உட்கார வைக்க இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டியிருந்தது. நான் வலது பக்கம், அத்தை இடது பக்கம். எங்களுக்குப் பின்னால் ஒருவர் முதல் கம்பைத் தட்டினார். சாய்ந்தது. இரண்டாவதும் சாய்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். என் தொடையை ஒரு கை இறுக்கிப் பிடித்தது. அத்தை என்று நினைத்துக் கண்ணைத் திறந்தால், அது மாமாவின் கை.

அவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். புதுக் காங்கிரீட்டில் குறுக்கே முழ அகலத்துக்குச் சிமெண்ட் பூசியிருந்தது. பூச்சின் நிறம் தனியாகத் தெரிந்தது. அதன் ஓரத்தில் ஈரம்.

"அது என்ன பூச்சு?" என்றார் மாமா.

அவர் தன் ஊன்றுகம்பை எட்டிப் பக்கத்தில் நின்ற ஆளிடம் கொடுத்தார். "அந்த எடத்துல குத்து."

அந்த ஆள் என் கணவரைப் பார்த்தார்.

"அவன என்ன பாக்குற? குத்துடா!"

அந்த ஆள் ஏணியில் ஏறிக் குத்தினார். கம்பு பட்டதும் பூச்சு அடையாகப் பெயர்ந்து தரையில் விழுந்தது. உள்ளே வெறும் ஜல்லியும், ஜல்லிக்கு நடுவே கம்பியும் தெரிந்தன. குளவிக்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தது.

மாமா திரும்பாமலே மகனைக் கேட்டார். "எப்ப நின்னுச்சு வேலை?"

"மழை வந்த அன்னைக்குப்பா."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

என் கணவர் தலையைக் குனிந்தார். அவர் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"நிறுத்துங்க," என்றார் மாமா. கத்துவார் என்று நினைத்தேன். குரல் கீழே இறங்கிக் காற்றாகத்தான் வந்தது. "யாரும் எதையும் தட்டாதீங்க. சாச்ச கம்பத் திருப்பி நிறுத்துங்க. பைய. பந்தல்ல இருக்கறவுகளத் தள்ளிப் போகச் சொல்லுங்க."

அவரால் எழ முடியவில்லை. புண்ணுள்ள கால் மடங்கிப்போய் மரத்திருந்தது. நானும் அத்தையும் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினோம். என் கணவர் ஓடி வந்து பின்னாலிருந்து தாங்கினார். பாயிலிருந்து வாசல் எவ்வளவு தூரம் இருக்கும்? ஒரு வீட்டுக் கூடத்தைக் கடக்கிற தூரம்தான். ஆனால் மாமாவின் கால் இழுபட இழுபட, எதிரே வரும் ஒவ்வொரு கம்பையும் அவர் தோள் பட்டுவிடாமல் சுற்றிச் சுற்றி நடந்தோம். பாதி வழியில் மேலே ஏதோ முனகியது. நான்கு பேரும் நின்றுவிட்டோம். பிடரியில் ஏதோ தூள் விழுந்து ஜாக்கெட்டுக்குள் இறங்கியது. உதறக்கூடக் கை இல்லை.

"நடங்க," என்றார் அத்தை. "நிக்காம நடங்க."

வெளியே வெயிலில் வந்து விழுந்தோம். ஆட்கள் மட்டும் இன்னும் உள்ளே கம்புகளைத் திருப்பி நிறுத்திக்கொண்டிருந்தார்கள். மாமாவின் கதையில் அந்த ஆட்கள் ஒருநாளும் வந்ததில்லை. கடைசி ஆள் வெளியே வரும்வரை என்னால் அந்த வாசலை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

பிறகு இன்ஜினியரிங் காலேஜ் வாத்தியார் ஒருவரை அழைத்து வந்து காட்டினார்கள். கூரையை உடைக்கத்தான் வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். உடைக்கிற அன்று நானும் போனேன். போக வேண்டிய அவசியம் இல்லை, ஆனாலும் போனேன். கம்புகள் அப்படியே நிற்க, மேலிருந்து உடைத்தார்கள். ஓரங்களில் சம்மட்டி தெறித்தது, ஆட்கள் வேர்த்து விறுவிறுத்துத்தான் பெயர்த்தார்கள். நடுவில் அந்தக் கோட்டுக்கு வந்தபோது கடப்பாரை வைத்ததும் வெல்லக்கட்டியில் இறங்குவது போல உள்ளே போனது. ஒரு நெம்பில் ஆள் அகலத்துக்குப் பாளமாக வந்தது. நான் அண்ணன் கடைக்குத் திரும்பிப் போய், உர மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன். அண்ணன் பதறிப்போய்ச் சோடா வாங்கி வந்தது.

என் கணவர் ரொம்ப நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மாமா அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒருநாள் ஆபீசில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தபோது மாமா கேட்டது மாடிப்படியில் இருந்த எனக்குக் கேட்டது. "எங்கிட்டச் சொல்ல அம்புட்டுப் பயமாடா ஒனக்கு?" என் கணவர் சொன்ன பதில் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இருவரும் சேர்ந்தே மேலே சாப்பிட வந்தார்கள்.

மண்டபத்துக் கூரையைக் கம்பெனியே திரும்பப் போட்டுக் கொடுத்தது. முட்டுப் பிரிக்கிற நாளை யாருக்கும் சொல்லவில்லை. பாயும் விரிக்கவில்லை, இலையும் போடவில்லை. அந்த வழக்கம் அத்தோடு நின்றது. அதற்குப் பிறகு பெரிய வேலை எதுவும் வரவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, பழைய கட்டடங்களைப் பற்றிக் கேட்க மெட்ராஸிலிருந்து இரண்டு மாணவிகள் வந்தார்கள். மாமாவுக்குக் கண் மங்கிவிட்டிருந்தது. ஆனாலும் போட்டோவுக்குக் கீழே உட்கார வைத்து ரயில் பாலத்திலிருந்து ஆரம்பித்தார். பஞ்சு வியாபாரி பங்களா வந்ததும் நான் காபித் தட்டோடு நின்றுவிட்டேன்.

"எங்கய்யா வெளிய நின்னாரு," என்றார் மாமா. "எங்க ஆத்தா உள்ள உக்காந்துச்சு. நான் மடியில கெடந்தேன்."

"பயமா இல்லையா தாத்தா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"பால் குடிக்கிற பிள்ளைக்கு என்ன தெரியும்? ஆத்தாவுக்குத்தேன் தெரிஞ்சுருக்கும்."

அத்தை உள்ளேயிருந்து, "எனக்கும் தெரியும்," என்றார். மாணவிகள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. "ஆமா, அதையும் எழுதிக்கங்க," என்றார்.

மாமா காலமான பிறகு இடத்தைத் துணிக்கடைக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டோம். என் கணவர் மாட்டுத்தாவணிப் பக்கம் அடுக்குமாடி கட்டுகிற ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தார். முட்டுப் பிரிக்கிற நாள் அங்கேயும் வரும். வேலையில்லாத ஆட்களை அன்று பக்கத்தில் அண்டவிட மாட்டார். ஆனால் கம்பு தட்டுகிறவர்களோடு அவரும் உள்ளே நிற்பார். நின்றே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. காலையில் கிளம்பும்போது என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போவார். சொல்லாமல் போகச் சொல்லியும் பார்த்தேன். அதற்கு மட்டும் அவர் சம்மதிக்கவில்லை.

அந்த நாட்களில் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. அரிசியைக் களைந்து வைத்துவிட்டு போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். மத்தியானத்துக்கு மேல் மணி அடிக்கும்.

"பிரிச்சாச்சு," என்பார். "எல்லாரும் வெளிய வந்தாச்சு. அம்புட்டுத்தேன்."

போனை வைத்துவிட்டு உலையை ஏற்றுவேன்.